பாய்காட்: புறக்கணிப்பா, மறுப்பா?

துறைமுகத் தொழிலாளர்கள் ஆயுதக் கப்பலை 'பாய்காட்' செய்தார்கள் என்று செய்திகளில் படிக்கிறோம். அந்தச் சொல் முதலில் ஒரு மனிதரின் பெயர்.

சார்லஸ் பாய்காட், அயர்லாந்தின் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களைக் கவனித்துவந்த ஆங்கிலேய ஏஜெண்ட். 1880இல் குத்தகையைக் குறைக்கக் கேட்டவர்களை அவர் வெளியேற்றப் பார்க்க, ஊரே அவரை ஒதுக்கிவைத்தது. அறுவடைக்கு ஆள் வரவில்லை, கடையில் சாமான் கிடைக்கவில்லை. கடைசியில் வடக்கிலிருந்து சுமார் 50 பேரைக் கூட்டிவந்து, அவர்களுக்குக் காவலாக ஏறக்குறைய ஆயிரம் படையினரையும் போலீசாரையும் நிறுத்தி அறுவடையை முடித்தார்கள். சுமார் 500 பவுண்டு விளைச்சலைக் காப்பாற்ற 10,000 பவுண்டு செலவு! ஒதுக்கிவைப்பதைக் குறிக்கும் 'ஆஸ்ட்ரசைஸ்' என்ற ஆங்கிலச் சொல் குடியானவர்களுக்குப் புரியாது என்று ஜான் ஓமாலி என்ற பாதிரியார் 'பாய்காட்' என்று சொல்லிக்கொடுத்ததாகக் கதை உண்டு.

ஆக, பிறக்கும்போதே இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் பட்டாளம் நின்றது. 40 ஆண்டு கழித்து, 1920இல், அதே அயர்லாந்தில் டப்ளின் துறைமுகத் தொழிலாளர்கள் பிரிட்டிஷ் படைக்கான தளவாடங்களை இறக்க மறுத்தார்கள். அப்புறம் ரயில்வேக்காரர்கள், தளவாடமோ ஆயுதம் தாங்கிய சிப்பாய்களோ ஏறினால் வண்டியை எடுக்க மாட்டோம் என்றார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தும் டிசம்பர் வரை அது நீடித்தது.

இதை வேலைநிறுத்தத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வேலைநிறுத்தத்தில் மொத்த வேலையும் நிற்கும். இதில் மற்ற வேலை நடக்கும், அந்த ஒரு சரக்கை மட்டும் தொட மாட்டார்கள். 1938 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் போர்ட் கெம்ப்ளா தொழிலாளர்கள் 'டால்ஃப்ரம்' கப்பலில் ஜப்பானுக்கு வார்ப்பிரும்பு ஏற்ற மறுத்தது அப்படித்தான். சீனாவின் மேல் ஜப்பான் போர் தொடுத்திருந்த நேரம் அது. அவர்களைப் பணியவைக்க முயன்ற அமைச்சர் ராபர்ட் மென்சீஸுக்கு 'பிக் அயர்ன் பாப்' ('பிக் அயர்ன்' என்றால் வார்ப்பிரும்பு) என்ற பட்டப்பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. 1945இல் இந்தோனேசியாவை மீண்டும் பிடிக்கப் புறப்பட்ட டச்சுக் கப்பல்களும் ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் முடங்கின. இந்தோனேசிய மாலுமிகள் தொடங்கிவைத்ததில் இந்திய மாலுமிகளும் சேர்ந்துகொண்டார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சுதந்திரப் போராட்ட காலத்தில் 'பகிஷ்காரம்' புழங்கியது. அந்நியத் துணி பகிஷ்காரம் அதில் பிரபலம். அது வடமொழி வழி வந்தது. இலங்கைத் தமிழில் 'பணிப்பகிஷ்கரிப்பு' இன்றும் உயிரோடு இருக்கிறது, ஆனால் அங்கே அது வேலைநிறுத்தத்தையே குறிக்கும். பொதுவழக்கில் நிலைத்தது 'புறக்கணிப்பு'. தேர்தலுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் கடைப்பொருளுக்கும் அது கச்சிதம்.

துறைமுகத்துக்கு அது போதாது என்பது என் எண்ணம். புறக்கணிப்பதில் கண்டுகொள்ளாமல் விடுகிற சாயல் இருக்கிறது. இவர்களோ பெட்டிக்குள் என்ன இருக்கிறது, யாருக்குப் போகிறது என்று விசாரித்துவிட்டுத்தான் கையை எடுக்கிறார்கள். அதனால் 'ஆயுதக் கப்பலைப் புறக்கணித்தனர்' என்பதைவிட 'ஆயுதம் ஏற்ற மறுத்தனர்' என்று எழுதினால் நடந்தது சரியாகப் புரியும். பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் 'சரக்கு மறுப்பு' என்று எழுதலாம்.