பழைய பானையின் உள்ளே இருக்கும் மண்ணைக் கொட்டாதீர்கள்

1982இல் துருக்கியின் தென்கரையில், காஷ் ஊருக்குப் பக்கத்தில் உள்ள உலுபுருன் முனையில், கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவர் அடியில் 'காது வைத்த உலோக பிஸ்கட்டுகள்' கிடப்பதாகத் தன் படகுத் தலைவரிடம் சொன்னார். பழைய செம்பு விலைக்குப் போயிருக்க வேண்டிய சரக்கு. ஆனால் கடல்சார் தொல்லியல் நிறுவனத்தார் அதற்கு முன்பே அந்தக் கரையோரக் கடற்பஞ்சுக்காரர்களைத் தேடிப் போய், பண்டைக்காலச் செப்புக் கட்டிகள் எப்படி இருக்கும் என்று விளக்கியிருந்தார்கள். அதனால் செய்தி சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. விழிப்புணர்வுப் பேச்செல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

1984 முதல் 1994 வரை தொல்லியலாளர்கள் ஜார்ஜ் பாஸ், ஜெமல் புலாக் ஆகியோர் தலைமையில் அகழாய்வு நடந்தது. 40 மீட்டருக்கும் கீழே, 22,000க்கும் மேற்பட்ட முறை மூழ்கி எடுத்தார்கள். கி.மு. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூழ்கிய கப்பல் அது. சுமார் 10 டன் செம்பு, 1 டன் வெள்ளீயம், நீலக் கண்ணாடிக் கட்டிகள், கருமரம், யானைத் தந்தம், பால்டிக் கரையின் அம்பர் (கல்லாக இறுகிய மரப்பிசின்), எகிப்து அரசி நெஃபர்டிட்டியின் பெயர் பொறித்த தங்க முத்திரை எல்லாம் இருந்தன.

கண்காட்சியில் கூட்டம் நிற்பது தங்கத்தின் முன்னால்தான். எனக்கோ மற்றவைதான் பெரிது. செம்பில் கலந்திருக்கும் ஈயத்தின் ஐசோடோப்பு விகிதத்தை (தாது எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று காட்டிக்கொடுக்கும், எடை வேறுபட்ட ஈய அணுக்களின் விகிதம்) அளந்தவர்கள், அது சைப்ரஸ் செம்பு என்றார்கள். கண்ணாடியின் வேதிக்கூறுகள் எகிப்தியக் கண்ணாடியோடு பொருந்தின. வெள்ளீயத்தில் ஒரு பகுதி மத்திய ஆசியாவிலிருந்து வந்தது என்று 2022இல் ஓர் ஆய்வு வெளியானது; அதை ஏற்காத வல்லுநர்களும் இருக்கிறார்கள், வாதம் நடக்கிறது. அப்புறம், ஒரு சுண்டெலியின் தாடை எலும்பு. அதன் வடிவத்தை அளந்து ஒப்பிட்ட விலங்கியலாளர்கள், எலி ஏறிய இடம் வட சிரியக் கரையாக இருக்கலாம் என்றார்கள். கப்பல் எங்கே நின்றது என்பதற்கு ஓர் எலும்புத் துணுக்கு சாட்சி!

ஜாடிகள்தான் என் துறைக்கு நெருக்கமானவை. சுமார் 150 கானானிய ஜாடிகள் (மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில், கானான் எனப்பட்ட பகுதியின் ஜாடிகள்). பலவற்றின் உள்ளே பிசின். அது பிஸ்தா இனத்து மரமொன்றின் பிசின் என்று வேதியியலாளர்கள் கண்டறிந்தார்கள். மொத்தம் அரை டன் அளவுக்கு இருந்தது. எகிப்தின் அமர்னாவில் கிடைத்த ஓடுகளிலும் அதே வகைப் பிசின் உண்டு. அங்கே அதைத் தூபமாக எரித்திருக்கிறார்கள். ஜாடியைக் கவிழ்த்துக் கழுவி அழகாக அடுக்கியிருந்தால் இந்தத் தொடர்பு நமக்குத் தெரிந்தே இருக்காது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் ஆய்வகத்துக்கு வரும் பானைகளில் பல, கழுவித் துடைத்துத்தான் வருகின்றன. அக்கறையோடு செய்ததுதான், புரிகிறது. ஆனால் அடியில் படிந்திருந்த மண், கரி, விதை எல்லாம் போன பிறகு தாவரவியலாளரிடமும் வேதியியலாளரிடமும் கொடுக்க மிச்சம் அதிகம் இருப்பதில்லை.

கிணறோ அஸ்திவாரமோ தோண்டும்போது பழைய பானை தட்டுப்பட்டால், தோண்டுவதை நிறுத்துங்கள். கிடக்கும் நிலையிலேயே, பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். எவ்வளவு ஆழம் என்று குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் மண்ணைக் கொட்டாமல் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ தெரிவியுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் தர வேண்டியது கண்டெடுத்தவரின் கடமை.