சுவரில் தொங்கும் முக்கோணமும் கடைசி வரிசைப் பிள்ளைகளும்

“இவன் முதல் படியே ஏறலையே, இவனுக்கு எப்படி கேபாட் கேள்வி கொடுக்கிறது?” இந்தத் தவணையிலும் மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடம் அதே பேச்சு. கேபாட் (KBAT) என்றால் உயர்நிலைச் சிந்தனைத் திறன். நான்காம் ஆண்டுப் பையன், வருடம் முழுக்க வெண்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதியே நோட்டை முடித்திருக்கிறான். காரணம் கேட்டால், சிந்தனை நிலைகளை ஆறு தட்டாக அடுக்கிச் சுவரில் மாட்டியிருக்கும் வண்ண முக்கோணத்தைக் காட்டுகிறார்கள்.

அந்த முக்கோணம், சிந்தனை நிலைகளை வகுத்த அமெரிக்கக் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூமின் குழுவினர் 1956இல் வெளியிட்ட நூலிலேயே கிடையாது. எளியதிலிருந்து கடினத்துக்குப் போகும் வரிசை உண்டு, படம் பின்னால் வந்தவர்கள் போட்டது. 2001இல் ஆண்டர்சன், கிராத்வோல் என்ற கல்வியியலாளர்கள் அந்த வரிசையைத் திருத்தியபோது தந்தது ஓர் அட்டவணை: ஒரு பக்கம் நினைவுகூர்தல் முதல் உருவாக்குதல் வரை ஆறு சிந்தனைச் செயல்கள், மறுபக்கம் நான்கு வகை அறிவு. ஒரு நிலையின் எல்லை இன்னொன்றுக்குள் கலக்கலாம் என்றும் ஏற்றுக்கொண்டார்கள். அட்டவணையில் எந்தக் கட்டத்திலிருந்தும் தொடங்கலாம். முக்கோணத்தைப் பார்க்கும் கண்ணுக்குத்தான் கீழ்த்தட்டை முடிக்காமல் மேலே போகக்கூடாது என்று தோன்றும். போதாக்குறைக்கு டிபியும் (TP, பள்ளி மதிப்பீட்டில் பிள்ளைக்குக் குறிக்கும் தேர்ச்சி நிலை) 1 முதல் 6 வரை. இங்கும் ஆறு, அங்கும் ஆறு, இரண்டும் ஒன்றென்று பிள்ளையின் கோப்பிலேயே எழுதிவிடுகிறார்கள். டிபி பிள்ளை எவ்வளவு தேர்ந்திருக்கிறான் என்பதைச் சொல்வது. புளூம் நிலை, கேள்வி என்ன சிந்தனையைக் கேட்கிறது என்பதைச் சொல்வது.

படம் வேண்டுமென்றால் புள்ளிக் கோலத்தை வையுங்கள். புள்ளி தகவல், கோடு சிந்தனை. புள்ளி இல்லாமல் இழை ஓடாது. ஆனால், எந்தப் பாட்டியும் பேத்தியை ஒரு வருடம் புள்ளி மட்டும் வைக்கச் சொன்னதில்லை. மூன்று புள்ளி வைத்ததும் கோடு இழுக்க விடுவாள்.

வகுப்பில் எப்படி? பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துப் பிள்ளைக்குச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தெரியாமல் இருக்காது. எட்டு வரிப் பத்தி போதும்: வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும், அடிபட்டாலோ தாமதித்தாலோ எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் கூடித் தரம் கெடும். அப்புறம் மூன்றே கேள்வி. எத்தனை மணி நேரத்துக்குள்? லாரி பழுதாகிக் குலை இரண்டு நாள் ரோட்டோரம் கிடந்தால் எண்ணெய் என்ன ஆகும்? நாளைக்கு மழை வரும், லாரி வருமா தெரியாது, இன்றைக்கே வெட்டலாமா. மண்டோருக்கு (தோட்ட வேலையை மேற்பார்ப்பவர்) என்ன சொல்வாய், ஏன்? மூன்றாவதை முதலில் கேட்டாலும் குடிமுழுகிப் போகாது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குப் பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அவன் வாயால் சொல்லட்டும். வாசிப்பில் பின்தங்கியவன் சிந்தனையிலும் பின்தங்கியவன் என்று யார் சொன்னது?

“ஏன்” என்று தொடங்கினாலே கேபாட் என்று நினைக்காதீர்கள். “ஏன் 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும்?” என்பதற்கு விடை பத்தியிலேயே இருக்கிறது, வரியைத் தேடி எழுதினால் அது நினைவுகூர்தல்தான். லாரிக் கேள்வியானாலும், நேற்று விடை சொல்லிக்கொடுத்துவிட்டு இன்று கேட்டால் அதுவும் மனப்பாடம். வினைச்சொல் பட்டியலைப் பார்த்து நிலை குறிக்கும் பழக்கத்தை விடுங்கள்.

ஐ-திங் (i-THINK) எனப்படும் சிந்தனை வரைபடங்களுக்கும் இதே கதி. இரண்டு பொருளை ஒப்பிடும் இரட்டைக் குமிழி வரைபடத்தைப் பலகையில் நிரப்பிக் காட்டி, பிள்ளைகள் அதையே வரைந்தால் ஒப்பிட்டது ஆசிரியர்தான். குமிழியைக் காலியாக விடுங்கள், தப்பாக நிரப்பட்டும். கேள்வி கேட்டபின் மூன்று விநாடியாவது வாயை மூடிக் காத்திருங்கள். கையைத் தூக்கும் கெட்டிக்காரனை அழைக்க அவசரப்பட வேண்டாம்.

அம்மா அப்பாமார்களே, டவுன் புத்தகக் கடையில் அட்டையில் கேபாட் என்று போட்ட பயிற்சிநூலை வாங்கினால், பின்னாலிருக்கும் விடைப்பக்கங்களைக் கிழித்து நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை சொல்லும் விடை அதில் இருப்பதுபோல் இல்லையென்றால், உடனே தப்பு என்று குறி போடாமல் காரணத்தைக் கேளுங்கள், தயவுசெய்து.