ஆழத்தைச் செவியால் அளந்த கப்பல்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்களையும் அழித்த ஒரே கப்பலாகப் பிரிட்டனின் ‘பெட்டார்டு’ என்ற நாசகாரிக் கப்பல் குறிப்பிடப்படுகிறது. அது எதிரியைத் தேடப் பயன்படுத்தியது ‘ஆஸ்டிக்’ என்னும் ஒலிக்கருவியை. இன்றைய சோனாரின் முன்னோடி அது.

கப்பலின் அடியில் பொருத்தப்பட்ட குவார்ட்ஸ் படிகத் தகடு, மின்னழுத்தம் மாறும்போது அதிர்ந்து, ஒலித்துடிப்பைக் கடலுக்குள் அனுப்பும். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்வதால், எதிரொலி 2 நொடியில் திரும்பினால் எதிரி ஏறத்தாழ 1,500 மீட்டர் தொலைவில் இருக்கிறான். எதிரொலியின் சுருதி கூடினால் அவன் நெருங்குகிறான், குறைந்தால் விலகுகிறான் என்பதையும் பயிற்சி பெற்ற செவி கண்டுகொள்ளும்.

ஆனால் அந்த ஒலிக்கற்றை முன்னோக்கியே செல்லும். ஆழத்தில் இருக்கும் இலக்கைக் கப்பல் நெருங்க நெருங்க, கற்றை அதற்கு மேலாகக் கடந்துவிடுவதால், தாக்க வேண்டிய கடைசித் தருணத்தில்தான் எதிரொலி மறைந்துபோகும். அதன்பின் கணக்கை நம்பித்தான் ஆழ்வெடிகளை, அதாவது நீருக்குள் இறங்கி வெடிக்கும் குண்டுகளை, வீச வேண்டும். ஆழ்வெடிக்குள் புகும் நீரின் அழுத்தம் ஆழத்தில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தத்தின் அளவு கூடும். குறித்த ஆழத்தை எட்டியதும் அந்த அழுத்தமே வெடிப்பூசியை விடுவிக்கும். நொடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகத்தில் இறங்கும் ஆழ்வெடி 150 மீட்டரை எட்ட 50 நொடி ஆகும். அதற்குள் மெதுவாகச் செல்லும் நீர்மூழ்கிகூட 70, 80 மீட்டர் நகர்ந்துவிடும். ஆனால் அதன் உடலைப் பிளக்க, வெடி சில மீட்டர் தொலைவுக்குள் வெடித்தாக வேண்டும். ஆகவே இத்தகைய வேட்டைகளில் பொறுமையே பெரிய ஆயுதமாக இருந்தது.

1942 அக்டோபர் 30 அன்று, கிழக்கு மத்தியதரைக் கடலில், பெட்டார்டும் துணைக்கப்பல்களும் பல மணி நேரம் விடாமல் தாக்கியதில் ஜெர்மனியின் யு-559 இரவில் மேலே வந்தது. மூழ்கிக்கொண்டிருந்த அதனுள் பெட்டார்டைச் சேர்ந்த அந்தோணி ஃபாசனும் காலின் கிரேசியரும் இறங்கி ஆவணங்களை எடுத்துக் கொடுக்க, சிற்றுண்டிச்சாலை உதவியாளனான 16 வயது டாமி பிரவுன் அவற்றை ஏணிவழியே மேலே கொண்டுவந்து சேர்த்தான். முதல் இருவரும் அந்த நீர்மூழ்கியோடு மூழ்கினர். அவர்கள் மீட்ட வானிலைக் குறியீட்டு நூலின் உதவியால், ஏறத்தாழ பத்து மாதம் பிடிபடாதிருந்த நான்கு சக்கர எனிக்மா மறைகுறியீட்டை, அதாவது அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் செய்தி அனுப்பப் பயன்படுத்திய இயந்திரக் குறியீட்டை, பிரிட்டனின் குறியீடு உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்கின் அறிஞர்கள் அந்த டிசம்பரில் உடைத்தனர். ஓர் ஒலிவேட்டையின் பயன் அட்லாண்டிக் வரை எட்டியது இப்படித்தான். அதே டிசம்பரில் இத்தாலிய நீர்மூழ்கி ஒன்றும் பெட்டார்டிடம் வீழ்ந்தது.

மூன்றாவது வேட்டையை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. 1944 பிப்ரவரி 12 அன்று, பெட்டார்டு உள்ளிட்ட காவல் கப்பல்களோடு மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த ‘கெடிவ் இஸ்மாயில்’ என்ற துருப்புக் கப்பலை, மாலத்தீவுகளுக்கு அருகே ஜப்பானின் ஐ-27 என்ற நீர்மூழ்கி டார்பிடோவால் தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கி, சுமார் 1,300 பேர் இறந்தனர். உயிர்பிழைத்தவர்கள் நீந்திக்கொண்டிருந்த நீருக்கு அடியிலேயே எதிரி பதுங்கியிருந்தான். அவர்கள் நடுவே ஆழ்வெடி போடுவதைத் தவிர பெட்டார்டுக்கு வேறு வழியிருக்கவில்லை. அந்த அதிர்ச்சி அலை மனித உடலையும் விட்டுவைக்காது.

ஐ-27 மேலே வந்தபின் ஆழ்வெடிக்கு வேலையில்லை. பீரங்கிக் குண்டுகளால் அதன் தடித்த உடலைத் துளைக்க முடியவில்லை. துணைக்கப்பலான ‘பாலடின்’ அதன்மேல் மோத முயன்று தானே கிழிபட்டது. பெட்டார்டு ஒவ்வொன்றாக ஏவிய டார்பிடோக்களில் ஆறு தவறின. ஏழாவது இலக்கைத் தாக்கியது.