காரத்தன்மை இல்லை, தாங்குதிறன்

மீன் தொட்டிக் காணொளிகளில் ‘காரத்தன்மையை உயர்த்துங்கள்’ என்று இன்னொரு தடவை கேட்டால் கையில் இருக்கிற வாளியைக் கவிழ்த்துவிடுவேன். எதை உயர்த்த? தண்ணீர் இப்போது அமிலமா காரமா என்று காட்டுகிற பிஎச்சையா, வருகிற அமிலத்தைத் தாங்குகிற கையிருப்பான ஆல்கலினிட்டியையா? ரெண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

பாளையங்கோட்டையில் பவளத் தொட்டி வைத்திருக்கிற என் அக்கா மகன் அதை நம்பிச் சமையல் சோடாவாகக் கொட்டினான். “மாமா, எவ்வளவு போட்டாலும் காரம் ஏறவே மாட்டேங்கு” என்றான். அவன் பார்த்துக்கொண்டிருந்தது பிஎச் மீட்டரை. சமையல் சோடா ஏற்றுவது ஆல்கலினிட்டியை. பிஎச் அதற்குப் பெரிதாக அசையாது. ஆல்கலினிட்டியை அளந்து பார்த்தால் 14 டிகேஎச் (அதை அளக்கிற அலகு)! இயற்கைக் கடல்நீரில் ஏறக்குறைய 7தான். தொட்டிக்கு 8 முதல் 11 வரை போதும்.

ஆல்கலி அரபுச் சொல். உவர்நிலச் செடிகளை எரித்த சாம்பலுக்கு அங்கே ‘அல் கலி’ என்று பெயர். நம் தூத்துக்குடி உப்பளத்து ஓர உமரியும் அந்த வகைச் செடிதான். காரம் வடமொழி க்ஷாரம். பூர்வீகம் அவ்வளவுதான்.

சிக்கல் காரத்தில்தான். நம் ஊரில் காரம் என்றால் மிளகாய். சவுக்காரம் சோப்பு, சரி. ஆனால் படிகாரம்? அதைத் தண்ணீரில் கரைத்தால் அமிலத்தன்மை வருகிறது. இப்படி எங்கும் ஒட்டிக்கொள்கிற சொல்லை ஓர் அளவின் பெயராக வைத்தால் எப்படி?

பிஎச் என்பது தண்ணீர் இந்த நிமிடம் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்ற நிலை. ஆல்கலினிட்டி என்பது, இன்னும் எவ்வளவு அமிலம் வரைக்கும் அந்தத் தண்ணீர் தாங்கும் என்ற கையிருப்பு. பதநீர்க் கலயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாக்கில் படுகிற ருசி பிஎச் மாதிரி. உள்ளே தடவிய சுண்ணாம்பு எவ்வளவு புளிப்பை அடக்கும் என்பது ஆல்கலினிட்டி மாதிரி. ஆகவே ஆல்கலினிட்டிக்கு நான் சொல்கிற பெயர் அமிலந்தாங்குதிறன். பேச்சில் தாங்குதிறன் போதும். பிஎச்சை எளிதில் மாறவிடாத கரைசலுக்கு வேதியியல் பாடத்தில் ‘தாங்கல் கரைசல்’ என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக ஒன்றும் முளைக்க வேண்டாம்.

அமிலமே வடசொல்தானே, காடி என்று போடக் கூடாதா என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். பிஎச்சைக்கூடக் காரகாடித்தன்மை என்கிற ஆள் அவர். காடி என்றதும் ஊறுகாய் ஜாடிதான் ஞாபகம் வருகிறது. 1909இல் டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன் கொடுத்த பிஎச்சை அப்படியே விட்டால் என்ன குறைந்துவிடும்? தனித்தமிழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் புரிய வேண்டும்.

அந்தக் காணொளிக்காரர்கள் சுண்ணாம்புத் தண்ணீரை மட்டும் ‘கால்க்வாசர்’ என்று ஜெர்மனில் சொல்கிறார்கள். உடன்குடிக் கருப்பட்டி தின்று வளர்ந்தவனுக்குச் சுண்ணாம்பைச் சொல்ல ஜெர்மன்காரன் வேண்டுமா? அது பிஎச், தாங்குதிறன் ரெண்டையும் ஏற்றும் என்பதையாவது தெளிவாகச் சொல்லலாம். அங்கேயும் ‘காரத்தன்மை கூடும்’தான்.

அக்கா மகன் வீட்டில் அப்புறம் செய்தது, பூட்டியே கிடந்த அறையின் ஜன்னலைத் திறந்ததுதான். அறையில் தேங்கி, தண்ணீரில் கரைந்து பிஎச்சை இறக்கிக்கொண்டிருந்த கரியமில வாயு வெளியேற, பிஎச் 7.8இலிருந்து 8.1க்கு வந்தது. தாங்குதிறன் துளிகூட மாறவில்லை. இப்போது தொட்டியில் ஒட்டியிருக்கிற சீட்டில் ரெண்டுக்கும் தனித்தனி வரி போட்டிருக்கிறான்.