கெப்ளரின் பீப்பாயும் சாய்வு பூஜ்ஜியமாகும் இடமும்

1613ஆம் ஆண்டு. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் வசித்த வானியலாளர் யோகான்னஸ் கெப்ளர், இரண்டாம் திருமணம் முடிந்த கையோடு வீட்டுக்கு ஒயின் வாங்கினார். அளக்க வந்த வியாபாரி, படுக்கவைத்த பீப்பாயின் நடுவயிற்றில் இருந்த துளை வழியே ஒரு கோலைச் சாய்வாக நுழைத்தார். கோலின் நுனி மூடியின் அடிவிளிம்பில் போய் முட்டியது. எவ்வளவு நீளம் உள்ளே போயிற்று என்று பார்த்து, விலையைச் சொல்லிவிட்டார்.

கெப்ளருக்கு இது பொறுக்கவில்லை. நெட்டைப் பீப்பாயும் குட்டைப் பீப்பாயும் ஒரே கோல் அளவைக் காட்டலாமே, இரண்டும் ஒரே அளவா கொள்ளும்? இந்தக் கேள்வி வளர்ந்து 1615இல் ஒரு நூலாகவே வெளிவந்தது.

நாமும் போட்டுப் பார்ப்போம். பீப்பாயை நேர் உருளையாக வைத்துக்கொள்வோம். கோல் 1 மீட்டர் உள்ளே போகிறது. பீப்பாயின் நீளம் 'நீ' என்றால், பித்தகோரஸ் தேற்றப்படி விட்டத்தின் வர்க்கம் 1 − நீ²/4. ஆகவே,

கன அளவு = 0.785 × நீ × (1 − நீ²/4) (0.785 என்பது π/4)

நீளம் பூஜ்ஜியத்தை நெருங்கினால் பீப்பாய் வெறும் தட்டு. 2 மீட்டரை நெருங்கினால் வெறும் குச்சி. இரண்டிலும் ஒயின் நிற்காது. இடையில் எங்கோ ஓர் உச்சம் இருந்தே தீர வேண்டும். அதைக் காட்டித்தருவது வகைக்கெழு. நீளத்தைத் துளி கூட்டினால் கன அளவு என்ன வேகத்தில் மாறுகிறது என்பதே வகைக்கெழு. வரைபடத்தில் அது கோட்டின் சாய்வு. ஏறும்போது மிகை, இறங்கும்போது குறை. ஏற்றம் இறக்கமாகத் திரும்பும் இடத்தில் அது பூஜ்ஜியத்தைக் கடந்தாக வேண்டும்.

வகைக்கெழு = 0.785 × (1 − 3நீ²/4)

இதைப் பூஜ்ஜியமாக்கினால் நீளம் 1.155 மீட்டர், விட்டம் 0.816 மீட்டர். நீளம் விட்டத்தைப் போல √2 மடங்கு. கொள்ளளவு சுமார் 605 லிட்டர்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு இங்கே முடிந்துவிடும். எனக்கோ இதற்குப் பிறகு வருவதுதான் உயிரான பகுதி. நீளத்தை 1.10 மீட்டராகக் குறைத்துப் பாருங்கள்: 603 லிட்டர். 1.20 ஆக்குங்கள்: அதே 603. ஐந்து சென்டிமீட்டர் பிசகியும் இரண்டு லிட்டர்தான் போகிறது. உச்சியை விட்டுத் தள்ளி, 0.50 மீட்டரிலிருந்து 0.55க்குப் போனால் 368 லிட்டர் 399 ஆகிறது. அதே ஐந்து சென்டிமீட்டருக்கு 31 லிட்டர் வித்தியாசம்! சாய்வு பூஜ்ஜியம் என்றால் அந்த இடம் ஏறத்தாழச் சமதளம் என்று பொருள். அங்கே சிறு பிழை சேதம் செய்வதில்லை.

இதில் மாணவர்கள் வழுக்கும் இடங்கள் உண்டு. சாய்வு பூஜ்ஜியமானாலே பெருமம் (உச்ச மதிப்பு) ஆகிவிடாது, சிறுமமாகவும் (அடிமட்ட மதிப்பு) இருக்கலாம். இரண்டாம் வகைக்கெழு, அதாவது சாய்வே மாறும் வேகம், குறையாக இருந்தால் பெருமம், மிகையாக இருந்தால் சிறுமம். அதுவும் பூஜ்ஜியமானால் இன்னும் கவனம் தேவை: ஓர் எண்ணின் கனத்தைத் தரும் சார்பு, பூஜ்ஜியத்தில் கணநேரம் தயங்கிவிட்டு மறுபடி ஏறுகிறது, அங்கே பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை. எல்லைகளையும் மறக்கக் கூடாது. நம் பீப்பாயின் மிகக் குறைந்த கொள்ளளவு இரு முனைகளில்தான் இருக்கிறது. அங்கே சாய்வு பூஜ்ஜியமே அல்ல.

கெப்ளரிடம் வகைக்கெழு கிடையாது. வகைக்கெழுவை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸ், 'பெருமம், சிறுமம் காணும் புதிய முறை' என்ற தலைப்பிலேயே தம் கட்டுரையை வெளியிட்டது 1684இல். கெப்ளர் அட்டவணை போட்டு, எண் எண்ணாகக் கணக்கிட்டார். உச்சிக்கு அருகே இருபுறமும் மாற்றம் முதலில் புலப்படாத அளவுக்குச் சிறிதாக இருப்பதை அந்த எண்களிலேயே கண்டுகொண்டார். ஆஸ்திரியப் பீப்பாய்களை அளந்தபோது, தச்சர்கள் வழிவழியாகக் கையாண்ட விகிதம் அந்த √2ஐ ஒட்டியே இருந்தது. கை சற்றுப் பிசகிப் பீப்பாய் நீண்டாலும் குறுகினாலும் கொள்ளளவு அசையவில்லை. அந்த ஊர்ப் பீப்பாய்களுக்கு வியாபாரியின் கோல் சரியாகத்தான் அளந்திருக்கிறது.