ஐகனோஸ்டாசிஸ் ‘சுரூபத் திரை’ அல்ல

கிரேக்க மரபிலிருந்து வந்த பைசாந்திய வழிபாட்டுக் கோவில்களைப் பற்றி எழுதும்போது ஐகனோஸ்டாசிஸ் குறுக்கே வந்தால் போதும், ‘சுரூபத் திரை’ என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அதில் சுரூபமும் தவறு, திரையும் தவறு.

கிரேக்கத்தில் ஐகோன் உருவம். ஸ்டாசிஸ் நிற்றல், நிற்கும் இடம். மக்கள் நிற்கும் பகுதிக்கும் பீடப்பகுதிக்கும் நடுவே திருவோவியங்களை வரிசையாகப் பதித்து எழுப்பிய தடுப்பு அது. பெரும்பாலும் மரவேலை.

தமிழ்க் கத்தோலிக்கரிடம் சுரூபம் என்றால் தேரில் ஏற்றிப் பவனி கொண்டுபோகும் முழு உருவம். உக்ரைனின் லிவீவ் நகரத்துப் புனித ஜார்ஜ் பேராலயத்தைப் பாருங்கள். 1744-இல் பெர்னார்ட் மெரெட்டின் என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி கட்டத் தொடங்கிய பரோக் பாணிக் கோவில், பைசாந்திய முறையில் வழிபடும் கிரேக்கக் கத்தோலிக்கருடையது. முகப்பின் உச்சியில் குதிரைமேல் ஜார்ஜ், கீழே புனிதர்கள் அத்தனாசியுசும் லியோவும். சிற்பி பின்செல் செதுக்கிய கல்லுருவங்கள். இவை சுரூபங்கள். உள்ளே தடுப்பில் இருப்பவையோ தீட்டிய ஓவியங்கள். இரண்டும் ஒரே கோவிலில் இருக்க, ‘சுரூபத் திரை’ என்று படிப்பவர் முகப்புச் சிலைகளை உள்ளே கொண்டுபோய் நிறுத்தாமல் என்ன செய்வார்?

திரை இன்னும் மோசம். திரை என்றால் துணி. மார்த்தாண்டம் பக்கத்தில், சிரிய மரபில் வழிபடும் மலங்கரைக் கோவில்களில் பீடத்துக்கு முன் இழுத்து மூடுவார்களே, அது திரை. ஐகனோஸ்டாசிசின் நடு வாயிலுக்குப் பின்னாலும் தனியாக ஒரு துணித் திரை உண்டு. தடுப்பையே திரை என்றால் அந்தத் துணியை என்னவென்பது? உயிர்ப்பு ஞாயிறு தொடங்கி அந்த வாரம் முழுக்க வாயில் கதவுகளை மூடுவதில்லை. இதை ‘திரை விலக்கப்படும்’ என்று எழுதுகிறார்கள். தடுப்பு முழுவதையும் சுருட்டி ஒதுக்குவதுபோல் இருக்கிறது.

‘திருவோவியத் தடுப்பு’ என்பதே பொருந்தும். மறிக்கும் பொருள் தொனிக்கிறது என்று சிலர் தயங்குவர். பீடப்பகுதியைப் பிரித்துக் காட்டுவதும் அதன் வேலைதானே! ‘ஓவியச் சுவர்’ சுவரில் நேரே தீட்டிய ஓவியத்தை நினைப்பூட்டும், வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியை மூடிவைத்துவிட்டு அமைப்பைப் பார்க்க வேண்டும். நாம் பார்க்கையில் நடு வாயிலின் வலப்புறம் கிறிஸ்து, இடப்புறம் குழந்தையுடன் மரியா. கிறிஸ்து ஓவியத்துக்கும் வலப்புறத்தில் பல கோவில்களில் அந்தக் கோவிலின் பாதுகாவலர். இரு ஓரங்களிலும், குருவுக்குத் துணைநிற்கும் திருத்தொண்டர் போய்வரும் கதவுகள். இத்தனையும் துணியில் நிற்காது.