ஐஸை விட்டுத் தோழனிடம் போன எலிகள்

நாம் ‘ஐஸ்’ என்று சொல்கிற மெத்தம்பெட்டமைன் போதையைத் தானாகவே உடம்பில் ஏற்றிக்கொள்ளப் பழகிய எலி ஒன்று. அதன் முன்னால் இரண்டு நெம்புகோல்கள். ஒன்றை அழுத்தினால் மருந்து நேரே இரத்தத்தில் ஏறும். மற்றதை அழுத்தினால் பக்கத்துக் கதவு திறக்கும்; இன்னோர் எலியோடு கொஞ்ச நேரம் இருக்கலாம். போதைதான் வெல்லும் என்றுதான் நம்மில் பலர் நினைப்போம். 2018இல் மார்க்கோ வெனீரோவும் அமெரிக்காவில் அவரோடு பணியாற்றிய ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. எலிகள் திரும்பத் திரும்பத் தோழனையே தேர்ந்தன. நாள்கணக்கில் மருந்து ஏற்றி, அடிமைத்தனத்தின் அறிகுறிகளைக் காட்டிய எலிகளும் அப்படித்தான்.

இந்தச் சோதனைக்கு இரண்டாம் பாகம் ஒன்று உண்டு. தோழனின் கதவு உடனே திறக்காமல் பிந்தித் திறந்தபோதும், தோழனைத் தேர்ந்ததற்காகக் காலில் மின்சாரம் சுண்டியபோதும் எலிகள் மருந்துப் பக்கம் திரும்பிவிட்டன. திருகோணமலைக் கிராமங்களில் பிள்ளைகளை மீட்கப் படாத பாடு படுகிற தாய்மார், விளையாட்டுக் கழகக்காரர், ஆசிரியர்கள், மௌலவிமார், கோயில் நிர்வாகத்தார் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது இந்த இரண்டாம் பாகத்தைத்தான் என்று நினைக்கிறேன். உறவு மருந்தாக வேலை செய்யும். ஆனால் அது சுணங்கவும் கூடாது, சுடவும் கூடாது.

ஏன் என்று விளங்க, ஐஸ் மூளைக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

கசிப்பும் கஞ்சாவும் நம் ஊர்களுக்குப் புதிதல்ல. ஐஸ் பிந்தி வந்தது. சாராயம் போல வாயில் மணக்காது, ஆளைத் தள்ளாட வைக்காது. வீட்டில் தெரியவே நாளாகும். கடலுக்கு இரவுத் தொழில் போகிறவனிடம் நித்திரை வராது என்றும், அறுவடை மெஷினோடு நிற்கிறவனிடம் களைப்புத் தெரியாது என்றும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையிடம் மூளை நன்றாக வேலை செய்யும் என்றும் சொல்லிக் கொடுக்கலாம். பெரும்போக அறுவடை முடிந்து, சிறுபோகத்துக்குத் தண்ணீர் கிடைக்காத ஊரில், மாதக்கணக்கில் வேலையில்லாமல் மதகில் குந்தியிருக்கிற பொடியனுக்கு ஒரு காரணமும் சொல்லத் தேவையில்லை.

நம் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் உண்டு. ‘இது நல்லது, இதை மறக்காதே, திரும்பச் செய்’ என்று மூளைக்குக் கற்றுக்கொடுப்பது அதன் முக்கிய வேலை. நரம்பு உயிரணுக்கள் அதைச் சின்னச் சின்னப் பைகளில் சேர்த்து வைத்து, தேவையான நேரத்தில் அளவாக வெளியே விடும். வேலை முடிந்ததும் மீளுறிஞ்சும் பம்பிகள் அதைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளும். துருசைத் திறந்து வயலுக்கு அளவாகத் தண்ணீர் பாய்ச்சுகிற குளம் போன்ற ஏற்பாடு இது. கந்தளாய்ப் பக்கத்து மூத்தவர்களுக்கு 1986 ஏப்ரல் நினைவிருக்கும். கந்தளாய்க் குளக்கட்டு விடியுமுன் உடைந்து, நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. வயலை வாழவைத்த அதே தண்ணீர்தான் வயலையும் அழித்தது. பிறகு குளத்தில் பாய்ச்சத் தண்ணீரும் இல்லை. ஐஸ் உடைப்பதும் கட்டைத்தான். அந்தப் பம்பி வழியாகவே உயிரணுவுக்குள் நுழைந்து, பைகளில் இருக்கும் டோபமினைக் கொட்டவைத்து, உள்ளே இழுக்க வேண்டிய பம்பியை வெளியே தள்ளும்படி திருப்பிவிடுகிறது.

எலிகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். பிடித்த சாப்பாடு டோபமினை வழக்கமான அளவின் ஒன்றரை மடங்காக்கும், இணைசேர்க்கை இரண்டு மடங்காக்கும். ஐஸ் அடங்கும் ஆம்பெட்டமைன் வகை மருந்துகள் பத்து மடங்குக்குக் கொண்டுபோகும். அதுவும் உடனே இறங்காது. கொக்கெயின் உடம்பில் பாதியாகக் குறைய ஒரு மணித்தியாலம் அளவில் போதும். ஐஸுக்கு 10 முதல் 12 மணித்தியாலம் வேண்டும். இந்த வெள்ளத்துக்குள் கிடக்கிற மூளை தன்னைக் காத்துக்கொள்ள டோபமினை வாங்கும் இடங்களைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் போதை இறங்கிய பிறகு சாதாரண சந்தோசங்கள் போய்ச் சேர இடமில்லாமல் போகிறது. தாய் ஆசையாகச் சமைத்த நண்டுக்கறி ருசிக்காது. கூட்டாளி அடித்த கோலுக்குக் கைதட்டத் தோன்றாது. ‘அவனுக்கு இப்ப ஒண்டிலயும் மனமில்ல’ என்று வீட்டில் சொல்வார்களே, அது சோம்பேறித்தனமல்ல, திமிருமல்ல.

வயதும் ஒரு காரணம். ‘பொறு, யோசி’ என்று சொல்கிற முன்மூளைப் பகுதி முழுதாக முதிர ஏறத்தாழ 25 வயதாகும். ஆசையைத் தூண்டும் பகுதிகள் பதின்ம வயதிலேயே முழு வேகத்தில் ஓடும். பதினாறு வயதில் தொடங்குகிறவன் முப்பதில் தொடங்குகிறவனைவிட ஆழமாகச் சிக்குவது இதனால்தான்.

அப்புறம், இடத்தின் ஞாபகம். வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வில், பழச்சாறு கிடைக்கும்போது துடித்த டோபமின் உயிரணுக்கள், பழகிய பிறகு பழச்சாறு வரப்போகிறது என்று காட்டும் விளக்குக்கே துடித்தன. ஐஸ் பாவித்தவனுக்கு அந்த விளக்கு ஒரு சந்தியாக இருக்கலாம், ஒரு மோட்டார் சைக்கிளின் சத்தமாக இருக்கலாம், இரவு பத்து மணிக்கு வரும் ஒரு மிஸ்ட் கோலாக இருக்கலாம். வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கப் படையினரில் ஐந்தில் ஒருவர் அளவில் ஹெரோயினுக்கு அடிமையாகியிருந்தார்கள். அவர்கள் நாடு திரும்பியதும் என்ன நடந்தது என்று லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தேடிப் பார்த்தார். முதல் ஆண்டில் அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவிலேயே மீண்டும் அடிமையானார்கள். போதை கிடந்த இடமும் ஆட்களும் கடலுக்கு அப்பால் போய்விட்டன. நம் பிள்ளைகளுக்கு நடப்பது நேர்மாறு. புனர்வாழ்வுக்கென்று எங்கோ தூரத்துக்கு அனுப்புகிறோம். திரும்பி வந்து இறங்குவது அதே சந்தியில்.

சரி, மூளை திரும்பச் சரியாகுமா? ஆகும், மெதுவாக. ஐஸை விட்டவர்களின் மூளையை நோரா வோல்கோவின் குழு படம்பிடித்து 2001இல் முடிவை வெளியிட்டது. அந்த மீளுறிஞ்சும் பம்பிகள் 12 முதல் 17 மாதங்களுக்குள் கணிசமாகத் திரும்பி வந்திருந்தன. ஆறு மாதத்துக்குள் பார்த்தபோது அந்த அளவு மீட்சி இருக்கவில்லை. இன்னொன்றும் தெரியவந்திருக்கிறது: பழைய இடங்களையும் பொருட்களையும் கண்டால் எழும் ஏக்கம் விட்ட நாளிலிருந்து குறைந்துகொண்டே போவதில்லை. ஏறத்தாழ மூன்றாம் மாதம் வரை கூடி, அதன் பிறகே இறங்கத் தொடங்குகிறது. வீட்டார் ‘இனிப் பயமில்லை’ என்று மூச்சு விடுகிற நேரமும் அந்த மூன்றாம் மாதம்தான். காசைக் கையில் கொடுத்து அனுப்புவதும், கழகத்தில் இருந்து போன் வருவது நிற்பதும் அப்போதுதான். இதை ஒவ்வொரு தாய்க்கும் யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஹெரோயினுக்கு மெதடோன் போன்ற மருந்துகளைப் பல நாடுகளில் கொடுக்கிறார்கள். ஐஸுக்கென்று அப்படி ஏற்றுக்கொள்ளப்பட்ட மாத்திரை இன்றுவரை இல்லை. ஆய்வுகளில் கூடிய பலன் தந்த முறைகளில் ஒன்று மிகச் சாதாரணமானது: சிறுநீர்ச் சோதனையில் போதை இல்லை என்று தெரிந்தால் உடனே, அந்த இடத்திலேயே, ஒரு சின்னப் பரிசு. ஒரு பற்றுச்சீட்டு, கொஞ்சம் சாமான். மாத முடிவில் தரும் பெரிய பரிசைவிட, அன்றைக்கே கையில் விழும் சிறியது வேலை செய்கிறது. ஐஸ் பழக்கிய மூளைக்கு ‘நாளைக்கு’ என்பது வெகு தூரம். ‘உழைச்சா அஞ்சு வருசத்தில வீடு கட்டலாம்’ என்ற புத்திமதி அதன் காதில் விழாததும் இதனால்தான்.

இங்கேதான் ஊரின் பலம். கொழும்பு 260 கிலோமீட்டர் தூரம். மைதானம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

மூதூர், கிண்ணியா, நிலாவெளி, தம்பலகாமம் எங்கே போனாலும் பின்னேரத்தில் உதைபந்தாட்டம் இருக்கும். ஒரு பயிற்சியாளரைக் கவனித்துப் பாருங்கள். விசில் கழுத்தில், காலில் பாட்டா. பந்தை உருட்டிவிட்டு அவர் முதலில் செய்வது கண்ணால் ஆள் எண்ணுவது. யார் வரவில்லை, யார் கரையோரம் தனியே நிற்கிறான், யாருடைய சேட் தோளில் தொங்குகிறது. ஒருவன் காணாமற்போனால் அன்றிரவே போன்: ‘ஏன்டா தம்பி இண்டைக்கு வரல்ல? நாளைக்கு உன்னைத்தான் பின்னுக்கு விளையாட விடப்போறன், நேரத்தோட வா.’ எங்கே போனாய், என்ன செய்தாய் என்ற விசாரணை இல்லை. அடுத்த நாளைக்கு ஓர் இடம் இருக்கிறது என்ற செய்தி மட்டும். வெனீரோவின் எலிக்கூண்டில் உடனே திறந்த கதவு இதுதான். அன்றிரவு செய்ய வேண்டிய அந்தப் போனைச் சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தள்ளிவைத்தால், கதவு பிந்தித் திறந்த கூண்டாகிவிடும்.

கரைவலை இழுக்கிற இடத்திலும் இதே கதவு உண்டு. ஐஸ் விட்டு இரண்டு கிழமை ஆன பொடியனை கயிறு சுருட்டக் கூப்பிட்டு, அன்றைய பங்கை அன்றைக்கே கொடுத்து, மீனும் கொஞ்சம் கட்டிக் கொடுக்கிற சம்மாட்டி, தனக்குத் தெரியாமலே அந்த உடனடிப் பரிசு முறையைச் செய்கிறார். முதல் வாரங்களில் அவன் அதிகம் நித்திரை கொள்வான், கண்டபடி பசிக்கும், முகம் தொங்கிக் கிடக்கும். அந்த நாட்களில் பாரமான வேலை வேண்டாம். ஆனால் ஆள் பக்கத்தில் வேண்டும்.

காலில் சுண்டிய மின்சாரம் நம் ஊரில் வெட்கத்தின் வடிவில் வருகிறது. ‘குடுக்காரன்’ என்ற பட்டம் ஒருமுறை விழுந்தால் அவன் தங்கையின் கலியாணப் பேச்சு வரை போகும். தேடி வந்த பிள்ளையைப் பத்துப் பேர் முன்னால் மேடையில் ஏற்றி ‘இவன் திருந்திவிட்டான்’ என்று காட்டுகிற விழிப்புணர்வுக் கூட்டங்களை நான் எதிர்க்கிறேன். நல்ல மனத்தோடுதான் செய்கிறார்கள். ஆனாலும் அடுத்தவன் அதைப் பார்த்து வீட்டுக்குள் பூட்டிக்கொள்வான். 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி 5 கிராமுக்கு மேல் ஐஸ் வைத்திருந்தால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கலாம். விற்கிறவனைப் பிடிக்க அந்தச் சட்டம் இருக்கட்டும். பாவிக்கிற பிள்ளை வைத்தியரிடம் போகவே பயப்படாதபடி, கூட்டிக்கொண்டு போக ஊரில் ஒரு மாமாவோ அக்காவோ இருக்க வேண்டும்.

வைத்தியர் கட்டாயம் தேவைப்படும் நேரமும் உண்டு. இரண்டு மூன்று நாள் நித்திரையில்லாமல், யாரோ பின்தொடர்கிறார்கள் என்பான். சுவருக்குள் குரல் கேட்கிறது என்பான். இது செய்வினை என்று கயிறு கட்டி நாளைக் கடத்தக் கூடாது. ஐஸ் உண்டாக்கும் மனப்பிறழ்வு இது. வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் இதைக் கட்டுப்படுத்த மருந்து இருக்கிறது. கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போவதென்றால் வைத்தியசாலைக்குப் போன பிறகு போகலாம். தேசிய மனநல உதவி எண் 1926. அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுத் தேசிய சபையின் எண் 1927.

தடுப்பதற்கு நான் நம்பிப் பார்க்கும் உதாரணம் ஐஸ்லாந்து. 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதமானோர் முந்தைய ஒரு மாதத்துக்குள் போதை ஏறக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம். பயமுறுத்தும் பாடங்களைவிட்டு, பள்ளிக்கூடம் விட்ட பின் பிள்ளைகளுக்கு விளையாட்டும் இசையும் கிடைக்க அரசும் உள்ளூர்ச் சபைகளும் காசு போட்டன. பெற்றோர் ஒன்றுகூடி இரவில் தெருக்களில் நடந்து பார்த்தார்கள். ஒவ்வோர் ஊரின் ஆய்வு முடிவும் அந்த ஊருக்கே திரும்பப் போனது.

அங்கே அந்தக் காசு ஆண்பிள்ளை, பெண்பிள்ளை இருவருக்கும் போனது. நம் பக்கத்தில் பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு பெண்பிள்ளை போகக்கூடிய இடம் எது என்று கேட்டால் பதில் சொல்லத் தடுமாறுவோம். ஐஸ் பெண்களையும் தொடுகிறது. பாவிக்கிறவனின் தங்கையும் மனைவியும் அதன் அடியை வீட்டுக்குள் தாங்குகிறார்கள். வலைப்பந்தாட்டம், சனசமூக நிலையத்தில் ஒரு வாசிப்பு மேசை, மாதர் சங்கத்தின் தையல் வகுப்பு எதுவானாலும் கிழமையில் ஒருநாள் போதாது, நாளாந்தம் திறந்திருக்க வேண்டும். அடுத்த முறை பிரதேச சபை மைதானத்துக்கு லைற் போடும்போது, பெண்பிள்ளைகளின் நேரத்தையும் அதே பலகையில் எழுதச் சொல்லிக் கேட்போம்.